ஏ பக்கம், பி பக்கம்

1988 கடைசியில் எனக்குப் பதினான்கு வயது. பள்ளிக்கூடம் விட்டதும் இராயபுரத்தில் ஒரு மைக் செட் கடைக்கு ஓடுவேன். கடை என்றால் பத்துக்கு எட்டு அறை. சுவரில் ஆணிக்கு ஆணி வயர் சுருள். தரையில் கவிழ்த்துவைத்த குழாய் ஸ்பீக்கர்கள். மூலையில் அஹுஜா ஆம்ப்ளிபயர், அதன்மேல் எந்நேரமும் ஒரு பழைய துண்டு போர்த்தியிருக்கும். கடற்காற்று எங்கள் பக்கம் எதையும் விட்டுவைக்காது. நட்டு, போல்ட்டு, ஜன்னல் கம்பி, டிரைவர் யூனிட் எல்லாமே இரண்டு மழைக்காலத்தில் பூத்துவிடும். கடைக்காரரை ஊரே பாய் என்றுதான் கூப்பிட்டது. நானும் அப்படியே.

அந்த டிசம்பரில் பாய் ஒரு கேசட் தயார் செய்ய உட்கார்ந்தார். இசைமுரசு நாகூர் ஹனிபா பாடியவற்றில் தன் கணக்கில் தேறியவை எல்லாம் ஒரே கேசட்டில் இருக்க வேண்டும், தொண்ணூறு நிமிடத்துக்குள் அடங்க வேண்டும். அந்தக் காலத்தில் தெருவுக்கொரு ரெக்கார்டிங் சென்டர் இருந்தது. பேப்பரில் பாட்டுப் பட்டியல் எழுதி வெறும் கேசட்டோடு கொடுத்தால் இரண்டு நாளில் பதிந்து தருவார்கள். ஒருவன் எந்தப் பாட்டுக்குப் பின் எந்தப் பாட்டைக் கேட்கிறான் என்பதை வைத்தே, அவன் காதலில் இருக்கிறானா, கல்யாணம் ஆனவனா என்று சென்டர்காரர் சொல்லிவிடுவார். பாய் சென்டருக்குப் போகவில்லை. அவரிடம் இருந்த இசைத்தட்டுகள் எந்தச் சென்டரிலும் கிடையாது.

ஒரு கல்யாணப் பத்திரிகையின் பின்புறம்தான் பட்டியல். பக்கத்துக்கு நாற்பத்தைந்து நிமிடம். பழைய எழுபத்தெட்டு சுற்றுத் தட்டில் ஒரு பக்கத்தில் மூன்று, மூன்றேகால் நிமிடத்துக்கு மேல் கொள்ளாது. அப்படிப் பார்த்தால் பக்கத்துக்குப் பதின்மூன்று பாட்டு, மிஞ்சினால் பதினான்கு. கைக்கடிகாரத்தைக் கழற்றி முன்னால் வைத்துக்கொண்டு ஒவ்வொரு பாட்டையும் ஓடவிட்டு நொடி நொடியாகக் குறித்தார். கடைசிப் பாட்டு நடுவில் அறுந்துபோவதை அவரால் தாங்க முடியாது. பாட்டை முடிக்கவிடாமல் நிறுத்துவதும் சாப்பிடுகிறவன் இலையை எடுப்பதும் அவருக்கு ஒன்று.

பட்டியலைப் பார்த்து எனக்குக் குழப்பம். ஏ பக்கம் முழுக்க மார்க்கப் பாட்டு. பி பக்கம் முழுக்கக் கழகப் பாட்டு.

"பாய், ரெண்டு கேசட்டா போட்டுடலாமே? நோம்புக்கு ஒண்ணு, மீட்டிங்குக்கு ஒண்ணு."

"இன்னாத்துக்கு? ரெண்டு ஆளா பாடுனாரு? ஒரு ஆளு, ஒரு தொண்டை. ஒரு கேசட்டுதான்."

நான் கேட்டதில் நியாயம் இருந்தது. வெளியே எல்லாம் பிரிந்துதான் விற்றன. மண்ணடிப் பக்கம் அத்தர், தொப்பி, தஸ்பீஹ் விற்கும் கடைகளில் மார்க்கப் பாட்டுக் கேசட். பொதுக்கூட்ட மைதானத்து ஓரத்தில் கொடி, பேட்ஜ் விற்கும் கட்டிலில் கழகப் பாட்டுக் கேசட். இரண்டு அட்டையிலும் அதே முகம், அதே துருக்கித் தொப்பி. ஆனால் இந்தக் கடையில் வாங்குகிறவர் அந்தக் கட்டிலுக்குப் போகத் தேவையில்லை, அங்கே வாங்குகிறவர் இங்கே வரத் தேவையில்லை. இரண்டும் ஒன்றாகக் கேட்ட இடம் எங்கள் தெருதான். விடியலில் ஒன்று, இருட்டியதும் ஒன்று, இரண்டும் ஒரே குழாயில்.

இராயபுரம் என்றால் அப்படித்தான். 1856-ல் தென்னிந்தியாவின் முதல் ரயில் புறப்பட்டது இங்கிருந்து. 1949 செப்டம்பரில் திராவிட முன்னேற்றக் கழகத்தின் முதல் பொதுக்கூட்டம் மழையில் நடந்த ராபின்சன் பூங்கா எங்கள் கடையிலிருந்து நடக்கிற தூரம். அந்தக் கூட்டத்தில் நனைந்தேன் என்று சொல்லாத கிழவர் என் சிறுவயதில் இந்தப் பகுதியில் இல்லை. அதே தெருக்களில் மசூதி, மாதா கோயில், அம்மன் கோயில். ஆடி மாதம் ஆனால் எங்கள் குழாய்களில் எல். ஆர். ஈஸ்வரி. அந்த அம்மா பிறப்பால் கிறிஸ்தவர் என்று பாய்தான் எனக்குச் சொன்னார். கூழ் ஊற்றுகிற இடத்துக்குக் குழாய் கட்டப் போகையில் சொன்னார், ஏணியின் மேலே நின்றுகொண்டு, வாயில் கட்டுக்கம்பியைக் கடித்தபடி.

ஹனிபாவின் குரலுக்கும் குழாய் ஸ்பீக்கருக்கும் நடுவே ஓர் ஒப்பந்தம் இருந்தது என்றே நினைக்கிறேன். குழாயில் அடிச்சுருதி வராது. தவில், பெரிய டிரம், ஆணின் கட்டைக் குரல் எல்லாம் தகரச் சத்தமாகிவிடும். நடு ஸ்தாயியும் மேல் ஸ்தாயியும்தான் அதற்குச் சொந்தம், அதையும் கத்தி போல் நேராக ஒரே திசையில் வீசும். ஹனிபா நின்று பாடியதே அந்த உயரத்தில். சங்கீதத்தை முறையாகக் கற்றவர் அல்ல. ஆனால் சொல் ஒவ்வொன்றும் கல்லில் வெட்டியதுபோல் வரும். மெல்லினத்தைக்கூட அவர் அழுத்திச் சொல்வார். காசிமேட்டில் விசைப்படகு என்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போது, திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரி போகும்போது, ஷிப்ட் சங்கு ஊதும்போது, எல்லாவற்றுக்கும் மேலே கேட்கிற குரல் அது ஒன்றுதான். எத்தனையோ நல்ல பாடகர்களை அந்தக் குழாய்களில் போட்டுப் பார்த்திருக்கிறேன். அவர்கள் பாட்டு கேட்கும், சொல் கேட்காது. இவர் பாடினால் சொல் கேட்கும். அரசியலுக்கும் தொழுகைக்கும் அதுதானே வேண்டும்.

1989 ஜனவரி 21 அன்று சட்டமன்றத் தேர்தல். அது முடியும்வரை பி பக்கம் தேயத் தேய ஓடியது. ஒரு கூட்டத்தில் பேச்சாளர் வரத் தாமதமாகி, பி பக்கம் முடிந்து, முதலிலிருந்து போட்டு, அதுவும் முடிந்துவிட்டது. கூட்டம் கலைய ஆரம்பித்தது. நான் பயத்தில் கேசட்டைத் திருப்பிப் போட்டேன். 'இறைவனிடம் கையேந்துங்கள்' ஒலித்தது. ஆர். அப்துல் சலாம் எழுதிய பாட்டு. கடவுள் இல்லை என்று மேடையில் வெட்டிப் பேசுகிறவர்களும் கூட்டத்தில் உண்டு. வட்டச் செயலாளர் என்னைப் பார்த்து ஓடி வந்தார். அடி விழப்போகிறது என்று நினைத்தேன். "தம்பி, நிறுத்திடாத, ஓடட்டும்" என்றார். எழுந்தவர்கள் வேட்டியை மடக்கி மறுபடி உட்கார்ந்தார்கள். பீடியைக்கூட அணைத்துவிட்டுக் கேட்டார் பக்கத்தில் ஒருவர்.

அதே ஆண்டு ஏப்ரலில் நோன்பு வந்தது. சஹர் நேரத்துக்குத் தெருவை எழுப்பும் பாட்டு என் பொறுப்பு. மூன்றரை மணிக்குக் கடை திறந்து, லைட் போடாமல் ஆம்ப்ளிபயரைச் சூடாக்கி, கேசட்டைச் செருகினேன். எந்தப் பக்கம் என்று பார்க்கவில்லை. தூங்கும் தெருவின் தலைமேல் உதயசூரியன் உதித்துவிட்டது. கை நடுங்கியதில் நிறுத்தும் பொத்தான் கிடைக்கவில்லை. ஜன்னல்கள் திறந்தன. ஓட்டுப் போட்டு மூன்று மாதம்கூட ஆகவில்லை, தோற்ற கட்சிக்காரர்களும் அதே தெருவில்தான் இருக்கிறார்கள். எதிர்வீட்டு ஆயா, "எவன்டா அவன், எலெக்சன் இன்னும் முடியலியா?" என்று கத்தினார். பாய் லுங்கியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு ஓடி வந்து கேசட்டைத் திருப்பினார்.

பஜ்ர் தொழுதுவிட்டு வந்து என்னை எதிரில் உட்காரவைத்தார். நான் அழுதுகொண்டிருந்தேன்.

"பாட்டு தப்பில்லடா. நேரம்தான் தப்பு."

பிறகு சால்ட்ரிங் அயனைச் சூடாக்கி, கேசட்டின் ஏ பக்கத்து மூலையில் ஒரே ஒரு புள்ளி வைத்தார். பிளாஸ்டிக் உருகி மிளகு அளவுக்குக் குழிந்தது. "இனிமே இருட்டுல வெரலால தடவிப் பாரு. குழி இருந்தா நோம்பு. இல்லாட்டி மீட்டிங்."

பதினெட்டு வயதில் நான் கடையை விட்டேன். எண்ணூர் பக்கம் ஒரு லேத் பட்டறையில் வேலை. அந்தப் பக்கம் அப்போது ஒரு வேலைக்காரத் தேசம். அசோக் லேலண்ட், எம்.ஆர்.எஃப்., என்ஃபீல்டு, விம்கோ தீப்பெட்டி, அனல் மின் நிலையம், அவற்றின் நிழலில் நூற்றுக்கணக்கான சின்னப் பட்டறைகள். மூன்று ஷிப்ட் ஆட்களும் சைக்கிளில் எதிரும் புதிருமாகப் போவார்கள். விடைபெறப் போன அன்று பாய் அந்தக் கேசட்டை என் சட்டைப் பையில் போட்டார். வேண்டாம் என்றேன். "வச்சிக்க. எனக்கு தட்டு இருக்குது" என்றார். அடுத்த கேசட்டும் போடப்போவதாகச் சொன்னார், முதலாவதில் விட்டுப்போன பாட்டுகள் நிறைய என்று. அப்போதுதான் 'செம்பருத்தி' வந்திருந்தது, 1992. இளையராஜா இசையில் மனோவுடன் சேர்ந்து ஹனிபா அதில் கடலைப் பற்றி ஒரு பாட்டு பாடியிருந்தார். 1961-ல் 'பாவமன்னிப்பு' படத்தில் டி. எம். சௌந்தரராஜனோடு பெருநாள் பாட்டு பாடிய குரல், முப்பது ஆண்டு கழித்து இன்னொரு தலைமுறைப் பாடகனோடு. பாய்க்கு அதில் பெருமை தாங்கவில்லை. குரலில் மணல் ஏறியிருந்தது. உச்சத்தில் முன்போல் ஏறிப்போய் நிற்காமல், தொட்டுவிட்டு இறங்கியது. எனக்கு அந்தக் குரல்தான் பிடித்தது, இன்றும் அதுதான் பிடிக்கிறது. இளவயதுக் குரல் நம்மை எழுப்பி நிறுத்தும். வயதான குரல் பக்கத்தில் வந்து உட்காரும்.

அந்த இரண்டாவது கேசட் வரவில்லை. சில ஆண்டில் பாய் போய்விட்டார். தட்டுகள் எங்கே போயின என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கடை இருந்த இடத்தில் எஸ்.டி.டி. பூத் வந்தது, பிறகு செல்போன் கடை, இப்போது கூரியர் ஆபீஸ்.

குழாய்களும் இறங்கிவிட்டன. 2000-ல் வந்த ஒலி மாசு விதிகள் இரவு பத்து முதல் காலை ஆறு வரை ஒலிபெருக்கி கூடாது என்றன. அது சரியான விதி. அம்மாவின் கடைசி மாதங்களில், ஸ்டான்லி ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அழைத்துவந்தபின், தெருவில் ஒரு குழாய் ஒலித்தால் அவர் முகம் சுருங்குவதைப் பக்கத்தில் இருந்து பார்த்தேன். எத்தனை நோயாளிகளின் தூக்கத்தை நாங்கள் கெடுத்திருப்போம் என்று அன்றுதான் நினைத்தேன். ஆனாலும் ஒன்று போய்விட்டது. அன்று இந்து, முஸ்லிம், கிறிஸ்தவன், அந்தக் கட்சி, இந்தக் கட்சி எல்லோரும் விரும்பியோ விரும்பாமலோ ஒரே பாட்டைக் கேட்டார்கள். ஆயாவுக்கு நோன்பு கிடையாது, ஆனால் நோன்புப் பாட்டு மனப்பாடம். இன்று விம்கோ நகர் மெட்ரோவில் ஏறினால் பெட்டி முழுக்க ஆள், காது ஒவ்வொன்றிலும் ஒரு பொத்தான், யார் என்ன கேட்கிறார்கள் என்று பக்கத்தில் இருப்பவருக்குத் தெரியாது. தீப்பெட்டித் தொழிற்சாலை பெயராக மட்டும் ஸ்டேஷன் பலகையில் இருக்கிறது.

2015 ஏப்ரல் 8 அன்று ஹனிபா சென்னையில் காலமானார். அடக்கம் நாகூரில். செய்தி வந்த அன்று பட்டறையில் ஒரு பையன் செல்லில் தேடிப் பாட்டு போட்டான். தட்டியதும் வந்துவிட்டது. ஒரு கேசட்டுக்காக பாய் ஒரு வாரம் உட்கார்ந்த பாட்டெல்லாம் ஒரு விரலுக்கு வந்து நின்றன. சந்தோஷமாகத்தான் இருந்தது. கேட்கக் கேட்க ஏதோ இடித்தது. ஆர்மோனியமும் தபலாவும் இருக்க வேண்டிய இடத்தில் கீபோர்டு. அதே பாட்டு, அதே மனிதர், பிற்காலத்தில் மறுபடி பாடிப் பதிந்தது. எந்தப் பாட்டு எந்த ஆண்டுக் குரல் என்று எங்கேயும் குறிப்பு இல்லை. புலவர் ஆபிதீன் போன்றவர்கள் எழுதிய பாட்டுகளில் எழுதியவர் பெயரே இல்லை. அதோடு அந்தப் பழைய பிரிவு இங்கேயும் வந்துவிட்டது. இஸ்லாமியப் பாடல்கள் ஒரு தொகுப்பு, கழகக் கீதங்கள் ஒரு தொகுப்பு. மண்ணடிக் கடையும் மைதானத்துக் கட்டிலும் செல்போனுக்குள் ஏறிவிட்டன. மேலவை உறுப்பினராகவும் வக்பு வாரியத் தலைவராகவும் இருந்த ஒரே மனிதரை, கட்சி உடைந்தபோதும் கடைசிவரை இடம் மாறாத ஒரு மனிதரை, இரண்டு பேராக வைத்திருக்கிறார்கள். நூறு பாட்டு, இருநூறு பாட்டு என்று போட்ட எந்தத் தொகுப்பை எடுத்தாலும் பாதி ஹனிபாதான் கிடைக்கிறார்.

என் தம்பி மகன் கப்பலில் என்ஜினியர். அவன்தான் ஒருமுறை சாம் குக் என்ற அமெரிக்கக் கறுப்பினப் பாடகரின் தொகுப்பைக் கொண்டுவந்து போட்டான். 2003-ல் வந்தது, 1951 முதல் 1964 வரை அவர் பாடியவற்றிலிருந்து தேர்ந்தது. சோல் இசைக்கு வழி திறந்தவர் என்று அவரைச் சொல்கிறார்கள். மொழி எனக்கு அரைகுறை. ஆனால் தொண்டை புரிந்தது. தேவாலயத்தில் குழுவோடு பாடி வளர்ந்தவர் சாம் குக். காதல் பாட்டு பாட ஆசைப்பட்டபோது, தேவாலயக்காரர்கள் கோபித்துக்கொள்வார்கள் என்று பயந்து, முதல் தட்டை 'டேல் குக்' என்ற மாற்றுப் பெயரில் வெளியிட்டார். கேட்டவர்கள் ஏமாறவில்லை, குரல் காட்டிக்கொடுத்துவிட்டது. அந்தத் தொகுப்பில் தேவாலயப் பாட்டும் காதல் பாட்டும், கடைசிக் காலத்தில் தன் மக்களின் உரிமைக்காகப் பாடியதும் ஒரே தட்டில், ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. கேட்டுக்கொண்டிருந்தவன் எழுந்து உட்கார்ந்தேன். ஏ பக்கமும் பி பக்கமும்! எங்கோ ஓர் ஊரில் யாரோ ஒருவர் பாய் செய்த வேலையைச் செய்திருக்கிறார்.

ஹனிபாவுக்கு மாற்றுப் பெயர் தேவைப்படவில்லை என்பதை அன்று நினைத்துக்கொண்டேன். பெரியார், அண்ணா, கலைஞர் மேடைகளில் அதே பெயரில், அதே தொப்பியோடு பாடினார். இறங்கி வந்து மீலாது மேடையில் அதே தொப்பியோடு பாடினார். அவரைக் கேட்ட இரண்டு கூட்டமும் இன்னொன்றை மறைக்கச் சொல்லவில்லை. அந்தப் பெருமையில் பாதி பாடியவருக்கு, பாதி கேட்ட ஊருக்கு.

தம்பி மகனிடம் கேசட்டைக் காட்டினேன். அட்டை பழுத்திருந்தது. பாயின் கையெழுத்தில் பாட்டு எண்ணும் நிமிடமும் நொடியும் மட்டும் வரிசையாக. பாட்டுப் பெயர் எழுதவில்லை, அது அவருக்குத் தேவையில்லை. தொண்ணூறு நிமிட டேப் மெல்லியது, அறுபதைவிடச் சீக்கிரம் சிக்கும், நீளும். முப்பத்தைந்து வருடக் கேசட்டை ஓட்டுவதே ஆபத்து. ரிச்சி தெருவில் விசாரித்து, பழைய டெக் ரிப்பேர் செய்யும் ஒருவரைப் பிடித்தோம். டெக்குக்குப் புது பெல்ட் போட்டார். கேசட்டில் டேப்பைத் தலையோடு அழுத்திப் பிடிக்கும் பஞ்சுத்துண்டு உதிர்ந்திருந்தது. அதை வேறொரு கேசட்டிலிருந்து எடுத்து ஒட்டினார். ஓட்டுமுன் இரண்டு பக்கமும் ஒருமுறை கடைசிவரை சுற்றிவிட்டார், ஒட்டிக்கொண்ட சுருள் விடட்டும் என்று. அவர் வேலை செய்வதைப் பார்த்தபோது மைக் செட் கடையின் சூடான ஈய வாசம் வந்தது.

வீட்டில் கம்ப்யூட்டரில் இணைத்து ஓடவிட்டோம். முதலில் கரகரப்பு. பாயிடம் இருந்த பழைய கிராமபோனுக்கு வயர் இணைப்பு கிடையாது. தட்டுக்கு எதிரே மைக்கை வைத்துத்தான் பதிந்தார். அந்தக் காலத்தில் குழாயில் மட்டுமே கேட்டதால், மைக் வேறென்ன பிடித்திருந்தது என்று எனக்குத் தெரியாமல் போயிருந்தது. பாட்டுக்கு அடியில் எங்கள் தெரு இருந்தது. காக்கை. மீன் விற்கும் அம்மாவின் குரல். துறைமுகத்துக்குச் சரக்கு ரயில் போகும் நீளமான இரைச்சல். ஒரு பாட்டு முடிந்து அடுத்த தட்டு மாற்றும் இடைவெளியில் பாயின் இருமல், அதற்குப் பின், "டேய், ஊசிய எடு." நான் எடுத்துக் கொடுக்கும் சத்தமும் இருக்கிறது, ஒரு தகர டப்பா திறக்கும் சத்தம். அந்தப் பையன் பேசவில்லை.

தொண்ணூறு நிமிடமும் இருவரும் எழுந்திருக்கவில்லை. பி பக்கத்தின் கடைசிப் பாட்டு முழுதாக முடிந்து, ஐந்து நொடி அமைதி ஓடி, டேப் நின்றது. பாய் கணக்கு தப்பவில்லை.

தம்பி மகன் கேசட்டைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அவன் விரல் மூலையில் இருந்த குழியில் நின்றது.

"இது இன்னா பெரியப்பா, சுட்ட மாதிரி?"

சொன்னேன். சிரித்தான். பிறகு திரையைப் பார்த்து, "ஒவ்வொரு பாட்டா வெட்டித் தரட்டா? நடுவுல இருமல், ரயில் சத்தமெல்லாம் எடுத்துடலாம்" என்றான்.

"வெட்டாத. இருக்கறது இருக்கட்டும்."

"ஒரே ஃபைலா?"

"ஒரே ஃபைலு."

"சரி, எந்த ஃபோல்டர்ல போடறது? பக்திப் பாட்டா, கட்சிப் பாட்டா?"

"பாய்னு ஒரு ஃபோல்டர் போடு."